கோல் காக்கும் கவசம்: பெரிதாக இருந்தால் போதுமா?

கண்ணாடி போல வழுக்கும் பனிக்கட்டித் தரை. காலில் கத்தி போன்ற இரும்பு பொருத்திய பூட்ஸ் அணிந்து ஆட்டக்காரர்கள் சறுக்கி வருகிறார்கள். ஒருவர் மட்டையை ஓங்குகிறார். "டப்" என்று ஒரு சத்தம். அடுத்த கணம் கறுப்பாக ஏதோ ஒன்று பறந்து வருகிறது!

அது பந்து அல்ல. கெட்டி ரப்பரில் செய்த வட்டமான வில்லை. 3 அங்குல அகலம், 1 அங்குலக் கனம். அதற்கு "பக்" என்று பெயர். எடை 5½ முதல் 6 அவுன்ஸ். நம் கிரிக்கெட் பந்தின் எடையும் ஏறக்குறைய இதுதான்.

ஆனால் வேகம்? 2012-ம் ஆண்டு நடந்த ஒரு திறமைப் போட்டியில் ஸ்டெனோ சாரா என்ற ஸ்லோவாக்கியா நாட்டு வீரர் அடித்த பக், மணிக்கு 108.8 மைல் வேகத்தில் பாய்ந்தது. எக்ஸ்பிரஸ் ரெயில் கூட அதற்குப் பின்னால்தான் வரவேண்டும்!

இந்தப் பக்கின் எதிரில், 6 அடி அகலமும் 4 அடி உயரமும் உள்ள கோல் வாசலில் ஒரே ஒரு மனிதர் நிற்கிறார். அவர்தான் கோல்கீப்பர். மற்றவர்கள் பக்கைக் கண்டு விலகிக்கொள்ளலாம். இவர் விலகக்கூடாது. தேடிப் போய்த் தன் உடம்பின்மேல் வாங்கிக்கொள்ள வேண்டும்.

அதற்காக அவர் அணிந்திருக்கும் கவசங்களைப் பார்த்தால் வேடிக்கையாக இருக்கும். கால்களில் தலையணை கட்டியது போல் இரண்டு பெரிய கவசங்கள். கையுறை இரண்டும் ஜோடியே அல்ல. இடது கையில் ஒரு விதம், வலது கையில் வேறு விதம்!

வீட்டில் நடக்கும் வழக்கு

கனடாவிலும் அமெரிக்காவிலும் குளிர்காலம் தொடங்குவதற்கு முன்பே பல வீடுகளில் இந்தப் பேச்சு தொடங்கிவிடும்.

"அப்பா, நான் கோல்கீப்பர் ஆகப் போகிறேன்!"

தகப்பனாருக்கு வயிற்றைக் கலக்கும். பிள்ளைக்கு அடி படுமே என்பது ஒரு பயம். பணம் என்பது இன்னொரு பயம். பெரிய ஆட்டக்காரர்கள் அணியும் உயர்ந்த ரகக் கால் கவசம் ஒரு ஜோடி மட்டுமே ஆயிரம் டாலரைத் தாண்டிவிடும். கையுறைக்குத் தனி விலை. பிள்ளையோ வளர்கிற பிள்ளை. இந்த ஆண்டு வாங்கியது அடுத்த ஆண்டு சிறிதாகிவிடும்.

ஆகவே தகப்பனார் என்ன யோசிப்பார்? நம் ஊரில் தீபாவளிச் சட்டை தைக்கும்போது, "வளர்கிற பையன், இரண்டு அங்குலம் கூட வைத்துத் தை" என்று தையற்காரரிடம் சொல்கிறோமே, அதே யோசனைதான்! "பெரிதாக வாங்கிவிட்டால் இரண்டு வருஷம் வரும். பெரிய கவசம் கோலையும் அதிகமாக மறைக்கும்."

கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் சட்டை விஷயத்தில் பலிக்கும் யோசனை கவசத்தில் பலிப்பதில்லை. ஏன் என்பதை அறியக் கொஞ்சம் பழைய கதை தெரிய வேண்டும்.

கிரிக்கெட் கவசம்

ஐஸ் ஹாக்கி தொடங்கிய காலத்தில் கோல்கீப்பருக்கென்று தனிக் கவசம் கிடையாது. மற்றவர்களைப் போலவே மெல்லிய முழங்கால் பட்டையோடு நின்று அடி வாங்கினார்கள்.

1896-ம் ஆண்டு பிப்ரவரி மாதம் 14-ந் தேதி மான்ட்ரியல் நகரில் ஒரு பெரிய போட்டி நடந்தது. பரிசு, பிரசித்தி பெற்ற ஸ்டான்லி கோப்பை. வின்னிபெக் நகரிலிருந்து வந்த குழுவின் கோல்கீப்பர் ஜார்ஜ் மெரிட், வெள்ளை வெளேரென்று இரண்டு கிரிக்கெட் கவசங்களைக் கால்களில் கட்டிக்கொண்டு வந்து நின்றார்!

அன்று மான்ட்ரியல் குழுவால் ஒரு கோல் கூடப் போட முடியவில்லை. 2-0 என்ற கணக்கில் வின்னிபெக் வென்றது. அதன்பிறகு கிரிக்கெட் கவசம் ஐஸ் ஹாக்கியில் நிலைத்துவிட்டது.

ஆனால் அதில் ஒரு குறை இருந்தது. கிரிக்கெட் கவசம் காலைச் சுற்றி வளைந்து இருக்கும். பக் அதன்மேல் பட்டால் எந்தப் பக்கம் தெறிக்கும் என்று சொல்ல முடியாது. சில சமயம் தன் கோலுக்குள்ளேயே போய் விழும். அடி தாங்கியும் பலன் இல்லை!

சேணம் தைத்தவரின் மூளை

இந்தக் குறையைத் தீர்த்தவர் விளையாட்டு வீரர் அல்ல. கனடாவின் ஹாமில்டன் நகரில் குதிரைச் சேணம் தைத்துக்கொண்டிருந்த எமில் கெனஸ்கி என்ற தொழிலாளி. "பாப்" கெனஸ்கி என்று எல்லோரும் அழைப்பார்கள்.

மோட்டார் கார் பெருகி, குதிரை வண்டி குறைந்துகொண்டிருந்த காலம் அது. சேணத்துக்குக் கிராக்கி குறைந்தது. கெனஸ்கி, கோல்கீப்பர்களின் கிழிந்த கவசங்களைப் பழுது பார்க்கத் தொடங்கினார். பார்த்தவர், "வளைவாக இருப்பதால்தானே பக் தெறிக்கிறது? அகலமாக, தட்டையாகத் தைத்தால் என்ன?" என்று யோசித்தார்.

1920-களில் அவர் தைத்த கவசம் தோலால் ஆனது. உள்ளே என்ன அடைத்தார் தெரியுமா? மான் முடியும் இலவம் பஞ்சும்! நம் வீட்டுத் தலையணையில் இருக்கிறதே, அதே இலவம் பஞ்சுதான். இலேசானது. அடியையும் வாங்கிக்கொள்ளும்.

பக் அதன்மேல் பட்டால் "பொத்" என்று காலடியிலேயே விழுந்தது. பிறகு பல பத்து ஆண்டுகளுக்குப் பெரிய லீக் ஆட்டக்காரர்களில் பெரும்பாலோர் அவர் தைத்த கவசத்தைத்தான் அணிந்தார்கள். ஒவ்வொன்றும் கையால் தைத்தது.

தோல் கவசத்துக்கும் ஒரு பகை உண்டு. அது தண்ணீர். ஆட்டத்தில் சறுக்கச் சறுக்கப் பனிக்கட்டி பொடியாகி உருகும். தோலும் பஞ்சும் அந்த ஈரத்தைக் குடிக்கும். முதல் பகுதி ஆட்டத்தில் இலேசாக இருந்த கவசம், மூன்றாவது பகுதியில் ஈர மூட்டை போல் கனக்கும். பாவம், அதையும் தூக்கிக்கொண்டுதான் அவர்கள் தாவினார்கள்.

பேஸ்பால் கையுறை வந்த கதை

கையுறையின் கதை இன்னும் சுவையானது.

எமில் பிரான்சிஸ் என்பவர் 1940-களின் பிற்பகுதியில் சிகாகோ குழுவின் கோல்கீப்பர். கோடைக்காலத்தில் பேஸ்பால் ஆடுவார். அந்த ஆட்டத்தில் பந்தைப் பிடிக்க வலைப்பை வைத்த அகலமான தோல் கையுறை உண்டு. "பந்து பிடிக்கும் கையுறையில் பக் சிக்காதா?" என்று அவருக்குத் தோன்றியது. மணிக்கட்டை மறைக்கத் தோல் பட்டை ஒன்றைச் சேர்த்துத் தைக்கச் செய்து, அதையே மாட்டிக்கொண்டு கோல் வாசலில் நின்றார்!

டெட்ராய்ட் குழுவினர் சும்மா இருப்பார்களா? "இது சட்ட விரோதம்" என்று கூச்சல் போட்டார்கள். விஷயம் லீக் தலைவர் கிளாரன்ஸ் காம்பெல் வரை போயிற்று. அவர் கையுறையை வாங்கிப் பார்த்தார். உபயோகிக்கலாம் என்று அனுமதி கொடுத்துவிட்டார்.

அதுவரை பக்கைத் தட்டிவிடுவதுதான் வேலை. அதன்பிறகு பக்கைக் "கப்" என்று பிடிப்பது ஒரு கலையாகிவிட்டது.

முகமூடியின் கதையையும் சொல்லாமல் விட மனம் வரவில்லை. 1959-ம் ஆண்டு நவம்பர் 1-ந் தேதி. நியூயார்க்கில் ஆட்டம். மான்ட்ரியல் குழுவின் ஜாக் பிளான்ட் முகத்தில் பக் பட்டு மூக்கு கிழிந்தது. தையல் போட்டார்கள். "முகமூடி இல்லாமல் இனி நிற்க மாட்டேன்" என்று அவர் கூறிவிட்டார். அந்தக் காலத்தில் குழுவில் மாற்றுக் கோல்கீப்பர் இருப்பதில்லை. பயிற்சியாளர் வேறு வழி இல்லாமல் இணங்கினார். முகமூடியோடு நின்ற பிளான்டின் குழு 3-1 என்று வென்றது. அதற்குமுன் அத்தனை ஆண்டுகளாக அவர்கள் வெறும் முகத்தோடு நின்றார்கள் என்பதை நினைத்தால் உடம்பு சிலிர்க்கிறது!

பெரிதாகிப் பெரிதாகி...

கவசம் பெரிதானால் கோல் குறையும். இது எல்லோருக்கும் தெரிந்ததுதான். ஆகவே ஒவ்வொருவரும் அரை அங்குலம், ஓர் அங்குலம் என்று பெருக்கிக்கொண்டே போனார்கள். லீக் நிர்வாகிகள் அளவுகோலைத் தூக்கிக்கொண்டு பின்னாலேயே ஓடவேண்டி வந்தது.

1927-ல் கவசத்தின் அகலம் 10 அங்குலத்துக்கு மேல் போகக்கூடாது என்றார்கள். 1989-ல் 12 அங்குலம் வரை விட்டுக்கொடுத்தார்கள். கோல் விழுவது குறைந்தது. "கோல் வாசலில் மெத்தையைச் சாத்தி வைத்ததுபோல் இருக்கிறதே, எப்படி ரசிப்பது?" என்று ரசிகர்களும் முணுமுணுத்தார்கள்.

2004-05 பருவத்தில் சம்பளத் தகராறால் ஓர் ஆட்டம் கூட நடக்கவில்லை. மறுபடி ஆட்டம் தொடங்கிய 2005-ல், அகலம் 11 அங்குலம் என்று குறைத்துவிட்டார்கள். அதன்பின் வந்த விதிதான் முக்கியமானது. கவசத்தின் உயரத்தை எல்லோருக்கும் ஒரே கணக்காக வைக்காமல், அவரவர் காலை அளந்து தீர்மானிக்க வேண்டும் என்று கூறிவிட்டார்கள்!

பெரிய ஆட்டக்காரர்களுக்கே இந்தச் சட்டம் என்றால், எட்டு வயதுப் பிள்ளைக்கு?

வண்ணத்துப்பூச்சி

இன்றைய கோல்கீப்பர்கள் நின்றுகொண்டு தடுப்பது குறைவு. பக் வரும்போது சட்டென்று இரண்டு முழங்கால்களையும் தரையில் ஊன்றுவார்கள். பாதங்கள் இரண்டும் இருபுறமும் விரியும். கவசங்கள் பக்கவாட்டில் படுத்துச் சுவர் போல் நிற்கும். பார்ப்பதற்கு வண்ணத்துப்பூச்சி சிறகு விரித்ததுபோல் இருக்கும். இந்த முறைக்கே "வண்ணத்துப்பூச்சி" என்றுதான் பெயர்.

கிளென் ஹால் என்பவர் 1950-களிலேயே இதை ஆடிக் காட்டினார். 1955 முதல் 1962 வரை தொடர்ந்து 502 ஆட்டங்களில் ஒன்று விடாமல் நின்றவர் அவர். அதுவும் முகமூடி இல்லாமல்! பிறகு 1986-ல் இருபதே வயதில் மான்ட்ரியலுக்கு ஸ்டான்லி கோப்பையை வாங்கித் தந்த பாட்ரிக் ராய், இந்த முறையை உலகமெங்கும் பரப்பிவிட்டார்.

இந்த முறையில்தான் முழங்காலின் சங்கதி வருகிறது. கவசத்தின் உட்புறத்தில், முழங்கால் வந்து உட்காருவதற்கென்று மெத்தென்ற ஒரு திண்டு இருக்கிறது. கோல்கீப்பர் தரையில் விழும்போது அவருடைய முழங்கால் சரியாக அந்தத் திண்டின் நடுவில் இறங்க வேண்டும்.

கவசம் மிகப் பெரிதாக இருந்தால் திண்டு ஓர் இடத்தில் இருக்கும், முழங்கால் வேறோர் இடத்தில் இறங்கும். கவசம் திரும்ப வேண்டியபடி திரும்பாது. நிமிர்ந்து நிற்க வேண்டிய சுவர் சாய்ந்துவிடும். பக் அடியில் புகுந்து ஓடிவிடும். எழுந்து நகரவும் பிள்ளை திணறும். ஓர் ஆட்டத்தில் பலமுறை முழங்கால் தவறான இடத்தில் மோதினால் வலி வேறு.

கோலை மறைக்கப் பெரிதாக வாங்கிய கவசமே கோலுக்கு வழி விடுகிறது!

மிகச் சிறிதாக இருந்தாலும் ஆபத்துதான். முழங்காலுக்கு மேலே தொடை வெளியே தெரியும். கால்களுக்கு நடுவில் சந்து விழும்.

கடையில் என்ன செய்வது?

முதலில் பிள்ளையை அவனுடைய சறுக்கு பூட்ஸோடு கடைக்கு அழைத்துப் போகவேண்டும். பூட்ஸ் இல்லாமல் அளந்த அளவு உதவாது.

நாற்காலியில் உட்காரவைத்து, கணுக்கால் மடியும் இடத்திலிருந்து முழங்கால் சில்லின் நடுவரை டேப் பிடிக்க வேண்டும். கவசம் வாங்க முக்கியமான அளவு இதுதான். பிள்ளையின் மொத்த உயரம் அல்ல! ஒரே உயரமுள்ள இரண்டு பிள்ளைகளை நிறுத்திப் பாருங்கள். ஒருவனுக்குக் கால் நீளம், இன்னொருவனுக்கு உடம்பு நீளம். இருவருக்கும் ஒரே கவசம் எப்படிப் பொருந்தும்?

கவசத்தின்மேல் "33+1" என்பது போல் எழுதியிருப்பார்கள். முன்னது கவசத்தின் உயரம், அங்குலக் கணக்கில். பின்னது தொடையை மறைக்க மேலே கூட்டிய உயரம். பாவர், சி.சி.எம்., வான், பிரையன்ஸ் என்று பல கம்பெனிகள் உண்டு. ஒரு கம்பெனியின் 33-ம் மற்றொன்றின் 33-ம் காலில் ஒரே மாதிரி உட்காரும் என்று நம்பக்கூடாது. முழங்கால் திண்டு இருக்கும் இடம் மாறும்.

ஆகவே கட்டிப் பார்ப்பதுதான் வழி. வார்களின் கொக்கி காலின் வெளிப்புறம் வரவேண்டும். வாரை இறுக்கிக் கட்டக்கூடாது. கவசம் காலைச் சுற்றித் திரும்ப இடம் வேண்டும். பிறகு கடையிலேயே பிள்ளையை முழங்காலிட்டு விழச் சொல்ல வேண்டும். பத்துத் தடவை விழட்டும். வெட்கம் எதற்கு? முழங்கால் திண்டின் நடுவில் இறங்குகிறதா என்று தாயாரோ தகப்பனாரோ குனிந்து பார்க்க வேண்டும். இறங்கினால் அதுதான் அவனுடைய கவசம். விலைச் சீட்டை அதன்பிறகு பார்க்கலாம்.

வளர்வதற்கு இடம் விடவே கூடாதா? ஓர் அங்குலம் போல விடலாம். முழங்கால் திண்டைவிட்டு நழுவாத வரைக்கும்தான்.

கெட்டியா, மெதுவா?

இப்போது தோலும் மான் முடியும் போய்விட்டன. செயற்கைத் தோலும் ஃபோமும் வந்துவிட்டன. தண்ணீர் குடிப்பதில்லை, எடையும் குறைவு. இதில் இரண்டு ரகம் உண்டு.

ஒன்று பலகை போல் கெட்டியானது. பக் பட்டால் வெகுதூரம் தெறித்துப் போகும். மற்றொன்று சற்று வளைந்து கொடுப்பது. அதில் பட்ட பக் அவ்வளவு தூரம் போகாது. பக்கத்தில் விழுந்தால் கையால் அமுக்கிவிடலாம். ஆனால் எதிரி முந்திக்கொண்டால் கோல்!

எது நல்லது என்று பெரிய ஆட்டக்காரர்களே ஒத்துப்போவதில்லை. புதிதாகக் கற்கும் பிள்ளைக்கு இந்த ஆராய்ச்சி வேண்டாம். இலேசாக இருக்கிறதா, முழங்கால் சரியாக உட்காருகிறதா என்பதே போதும்.

மூடாத கையுறை

கையுறையில் எல்லோரும் ஏமாறும் இடம் ஒன்று இருக்கிறது. கடையில் பளபளவென்று தொங்கும் உயர்ந்த ரகக் கையுறை, மணிக்கு 90 மைல் வேகத்தைத் தாங்கச் செய்தது. கெட்டியாக இருக்கும். பெரிய ஆளின் கைப்பலம் இருந்தால்தான் அதை மூட முடியும். பிள்ளை அதை மாட்டிக்கொண்டால், பக் உள்ளே வந்து விழுந்து, "போய் வருகிறேன்" என்று திரும்பிப் போய்விடும்!

ஆகவே சோதனை சுலபம். பிள்ளை ஒரு கையால், மறு கையின் உதவி இல்லாமல், கையுறையைத் திறந்து மூடவேண்டும். முடியவில்லையா? எவ்வளவு நல்ல கையுறையானாலும் அது அவனுக்கு வேண்டாம்.

மடியும் விதத்திலும் வித்தியாசம் உண்டு. சில உள்ளங்கையோடு மடியும். சில விரல்களின் அடியில் மடியும். 60, 75, 90 டிகிரி என்று கம்பெனிக்காரர்கள் எண் போட்டுச் சொல்வார்கள். எண்ணைப் பார்ப்பதைவிட, பிள்ளையின் கை இயல்பாக எப்படி மூடுகிறது என்று பார்ப்பது மேல்.

பிடிக்கும் கையுறை சாதாரணமாக இடது கைக்கு. வலது கையால் பிடிப்பவர்களுக்கு மாற்றி வைத்தும் செய்கிறார்கள். மறு கையில் அணிவது தடுக்கும் கையுறை. அதன் முதுகில் அகலமான பலகை இருக்கும். பக்கை அதனால் தட்டிவிட வேண்டும். அதே கையால் மட்டையையும் பிடிக்க வேண்டும். அதனால் அதன் உள்ளங்கை மெல்லியதாக, மட்டையின் பிடி தெரியும்படி இருக்க வேண்டும். பலகையின் அழகைப் பார்த்துவிட்டு உள்ளங்கையைத் தடவிப் பார்க்காமல் வாங்குகிறவர்கள்தான் அதிகம்.

பழையது வாங்கலாமா?

தாராளமாக வாங்கலாம். பிள்ளைகள் வேகமாக வளர்வதால், ஒரே பருவம் உபயோகித்த கவசங்கள் நல்ல நிலையில் விலைக்கு வரும். கனடாவில் பல ஊர்களில் உள்ளூர் ஹாக்கிச் சங்கமே சின்னப் பிள்ளைகளுக்குக் கவசங்களை இரவல் கொடுக்கிறது. ஒரு பருவம் இரவலில் ஆடிப் பார்த்து, பிள்ளைக்கு ஆசை நிலைக்கிறதா என்று தெரிந்துகொண்ட பிறகு பணத்தை எடுக்கலாம். பாதிப் பிள்ளைகள் நடுவில் மனம் மாறிவிடுவார்கள்!

பழைய கவசத்தில் கீறலையும் கறையையும் பார்த்துப் பயப்பட வேண்டாம். முழங்கால் திண்டு நசுங்கியிருக்கிறதா என்று அமுக்கிப் பார்க்க வேண்டும். வார்கள் அறுந்தால் மாற்றிக்கொள்ளலாம். கையுறையின் உள்ளங்கை மெலிந்திருந்தால் வாங்கக்கூடாது. வலைப்பையின் கயிறு அறுந்திருந்தால் பரவாயில்லை, புதிதாகப் பின்னிவிடலாம்.

தலைக்கவசமும் முகமூடியும் மட்டும் வேறு சங்கதி. மயிரிழை விரிசல் இருந்தாலும் தொடக்கூடாது. பாதுகாப்புச் சோதனையில் தேறியதற்கான முத்திரை அதில் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். மார்பு, கழுத்து, தொடைக் கவசங்களும் வேண்டும். முழங்காலுக்கென்று கவசத்துக்கு உள்ளே தனியாக ஒரு பட்டையும் உண்டு. கால் கவசம் திரும்பும்போது முழங்கால் வெளியே தெரியுமே, அதற்காக. பலர் மறந்துபோவது இதைத்தான்.

பையன்களைப் பற்றியே பேசிவிட்டோம். பெண் பிள்ளைகளும் இதில் சளைத்தவர்கள் அல்ல. 1992-ம் ஆண்டு செப்டம்பரில், ஆண்கள் ஆடும் பெரிய லீக்கின் காட்சி ஆட்டம் ஒன்றில் முதன் முதலாக ஒரு பெண் களம் இறங்கினாரே, மனோன் ரியோம், அவரும் கோல்கீப்பர்தான்! தம்பா பே குழுவுக்காகக் கோல் வாசலில் நின்றார்.

ஆட்டம் முடிந்த பின்

கவசங்களை மூட்டைக்குள் அப்படியே போட்டு வைத்தால் மறுநாள் அந்த மூட்டையின் பக்கத்தில் போக முடியாது. கனடா நாட்டுத் தாய்மார்களைக் கேட்டால் தெரியும்! வீட்டுக்கு வந்ததும் வெளியே எடுத்து, காற்றாட வைத்து உலர்த்த வேண்டும். நெருப்புக்குப் பக்கத்தில் வைக்கக்கூடாது.

புதுக் கையுறை முதலில் முறுக்காகத்தான் இருக்கும். அதன் வலைப்பைக்குள் ஒரு பந்தை வைத்து, மூடி, வாரால் இறுக்கிக் கட்டி வைப்பார்கள். சில பிள்ளைகள் அதைப் படுக்கையின் மெத்தைக்கு அடியில் தள்ளி, அதன்மேலேயே படுத்துக்கொள்வார்கள். காலையில் எழுந்ததும் முதல் வேலை, வாரை அவிழ்த்து, ஒரு கையால் மூட வருகிறதா என்று பார்ப்பது.